யோகன் சோறு கொண்டுபோன தெரு

பாரிஸுக்கு என்னை வரவழைத்தது ஒரு கூறைச் சேலை. காஞ்சிபுரத்தில் சொல்லி நெய்து, புதுச்சேரியில் என் பீரோவில் இருந்து, விமானத்தில் என் மடியிலேயே உட்கார்ந்து வந்த சேலை. மணப்பெண் ஆரணி, என் தோழி பத்மாவின் ஒரே மகள். பத்மாவும் நானும் திருச்சியில் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். இலங்கையிலிருந்து அகதியாக வந்த குடும்பம் அவளுடையது. படிப்பு முடிந்த கையோடு கல்யாணம் செய்து பிரான்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு நாங்கள் போட்ட சண்டையெல்லாம் தொலைபேசியில்தான்.

விமான நிலையத்துக்குப் பத்மா தனியாக வந்திருந்தாள். கட்டிப் பிடித்துக்கொண்டாள், சேலைப் பையை வாங்கிக்கொண்டாள், ஆனால் பேச்சில் உப்பு சப்பில்லை. "யோகன் எங்கடி?" என்று கேட்டேன். யோகன் அவள் கணவர், பாரிஸில் லா ஷப்பல் பகுதியில் ஓர் உணவகத்தில் சமையற்காரர். நான் எப்போது போன் செய்தாலும் பின்னாலிருந்து "அக்கா, அங்கை மழையோ?" என்று சத்தம் போடுகிற மனிதர்.

"அவருக்கு இப்ப வாய் திறக்க ஏலாது" என்றாள். பல்வலி என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு பாரிஸை ஒட்டிய பொபினிப் புறநகரில். ஆனால் கார் து நோர் ரயில் நிலையம் வந்ததும் பத்மா இறங்கச் சொன்னாள். பெட்டியை இழுத்துக்கொண்டு ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் மேல்கோடிக்கு, தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலுக்கு, நடந்தோம். முருங்கைக்காய், நகைக்கடை, நல்லெண்ணெய், கல்யாண மாலைக்கு ஆர்டர் எடுக்கும் கடை, "அண்ணை, கொஞ்சம் தள்ளுங்கோ" என்று பெட்டி சுமந்து வருகிற ஒருவர். பன்னிரண்டு மணி நேரம் பறந்து வந்து புதுச்சேரி நேரு வீதியிலேயே இறங்கியதுபோல் இருந்தது எனக்கு. குளிர் மட்டும்தான் வேறு.

ஒரு சின்ன தேநீர்க் கடையில் மூலை மேசை பார்த்து உட்கார வைத்தாள். மட்டன் ரோல்ஸ் வந்தது. எங்கள் ஊர் பகேத் ரொட்டிக்குப் பெயர் போனது, ஆனால் ரோல்ஸ் என்று வந்துவிட்டால் யாழ்ப்பாணத்துக்காரர்களிடம் நாங்கள் கைகட்டி நிற்க வேண்டும். இரண்டாவதை எடுத்தபோதுதான் பத்மா சொல்லத் தொடங்கினாள். வீட்டில் அவர் முன்னால் சொல்ல முடியாது என்பதற்காகவே என்னை இங்கே இறக்கியிருக்கிறாள்.

மூன்று வாரத்துக்கு முன் விடாமல் மழை பெய்து, பாரிஸுக்குத் தெற்கே ஆற்றோரத்துப் புறநகர் ஒன்றில் வெள்ளம் புகுந்துவிட்டது. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று பத்மா கேட்டுக்கொண்டாள், எழுதவில்லை.

"எங்கட சனமும் அங்கை கொஞ்சம் இருக்கு. கரண்ட் இல்லை, அடுப்பு இல்லை. இவர் கேள்விப்பட்ட உடனை முதலாளியிட்டைச் சொல்லி ஒரு கிடாரம் சோறு வடிச்சுப்போட்டார். சோறு, பருப்பு, ஒரு முட்டை. பார்சல் கட்டி, நனையாமல் இருக்கட்டும் எண்டு கறுப்புக் குப்பைப் பையிலை போட்டு, கூட்டாளி ஒருத்தரின்ரை வானுக்குள்ளை ஏத்திக்கொண்டு போயிட்டினம்."

யோகன் முல்லைத்தீவுக் கரைக்காரர். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று, பிரான்ஸிலிருந்து ஊர் பார்க்கப் போயிருந்தவர் அங்கேதான் இருந்தார். தண்ணீர் வடிந்த கையோடு கரையிலிருந்து தள்ளியிருந்த கிராமங்களிலிருந்து முன்பின் தெரியாத ஆட்கள் சோற்றுப் பார்சலோடு வந்ததைப் பற்றி என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார். யார் எவர் என்று கேட்கமாட்டார்களாம், கையில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்களாம். தண்ணீர் வந்தால் அடுத்தது சோறு வர வேண்டும் என்பது அவருக்குள் பதிந்துபோன விஷயம். யாரும் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியாது.

தமிழ் வீடுகளுக்குக் கொடுத்தது போகப் பார்சல் மிஞ்சியது. இருட்டப் போகிறது, போவோம் என்றார் வேன் ஓட்டி வந்தவர்.

"சமைச்ச சோத்தைத் திருப்பிக் கொண்டு போறதோ எண்டு இவர் கேட்டிருக்கிறார். இந்தா வாறன் எண்டு பையையும் டோர்ச்சையும் எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணியிலை வெள்ளைக்காரரின்ரை தெருவுக்குள்ளை இறங்கிப் போட்டார்."

கதவைத் தட்டியிருக்கிறார். திறந்த இடத்தில் கொடுத்தார். திறக்காத இடத்தில் மதிலைத் தாண்டி ஜன்னல் திண்டில் வைத்தார். அந்தத் தெருவின் வாட்ஸ்அப்பிலோ அன்று காலையிலிருந்தே ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்ததாம்: வெளிநாட்டுக்காரர்கள் வேனில் வந்து வெள்ளத்தில் விட்டுப்போன வீடுகளைக் கொள்ளையடிக்கிறார்கள் என்று. கொள்ளையைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் ஆண்கள் சிலர் ஒளிரும் மஞ்சள் சட்டை மாட்டி, கையில் தடியோடு ரோந்து கிளம்பிவிட்டார்கள்.

ஒரு வீட்டில் மாடியிலிருந்து ஒரு வயதான அம்மாள் கூப்பிட்டிருக்கிறார். மதாம் லூசெத். தனியாக இருப்பவர். யோகன் உள்ளே போனார். கீழே சேறு. மாடிப்படியில் கம்பளம்.

பத்மா அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். பிளேன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலைப் பார்த்தாள்.

"அந்த மனிசியின்ரை கம்பளம் ஊத்தையாகும் எண்டு இவர் சப்பாத்தைக் கழட்டி வச்சிட்டு ஏறினவர், வசந்தி. வெள்ளத்திலை. ஆருக்கும் இந்தப் புத்தி வருமோ சொல்லு?"

வரும். எனக்கு வந்திருக்கும், அவளுக்கு வந்திருக்கும். அந்தக் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் வந்திருக்கும்.

சோற்றை வாங்கிக்கொண்ட மதாம் லூசெத், கீழே சமையலறையில் தன் மருந்துப் பெட்டியும் கைப்பையும் இருக்கிறது, எடுத்து வர முடியுமா என்று கேட்டிருக்கிறார். யோகன் வெறுங்காலோடு இறங்கினார். இருண்ட வீட்டில் டார்ச் வெளிச்சம் நடமாடுவதைப் பார்த்து நாலைந்து பேர் உள்ளே நுழைந்தபோது, அவர் ஒரு பெண்ணின் கைப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு வந்த கொஞ்சநஞ்சப் பிரெஞ்சும் அந்த நேரத்தில் வரவில்லை. தெருத் தண்ணீருக்கு இழுத்துப்போய் அடித்திருக்கிறார்கள். உன் நாட்டுக்குப் போய்த் திருடு என்று சொல்லிச் சொல்லி அடித்தார்களாம். ஓடப் பார்த்தார், தண்ணீருக்கடியில் கண்ணாடித் துண்டு, கால் கிழிந்து விழுந்தார். தாடை இரண்டு இடத்தில் உடைந்தது.

"சத்தம் கேளாமல் நடக்கத்தான் சப்பாத்தைக் கழட்டினவன் எண்டு பொலிசிட்டைச் சொல்லியிருக்கிறாங்கள். கள்ளன் எண்டதுக்கு அதுதான் சாட்சியாம்."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். கல்லாவில் இருந்த கடைக்காரர் பத்மாவைத் தெரிந்தவர்போல, மிச்சம் கொடுக்கும்போது தணிந்த குரலில் சொன்னார்: "யோகன் நல்ல பொடியன்தான். ஆனா அவங்கட வீட்டுக்குள்ளை என்னத்துக்குப் போனவர்? சனம் கதைக்குது, அக்கா." பத்மா மிச்சத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அடிபட்டவரைத் திருடன் என்று சொல்ல வெள்ளைக்காரர்தான் வேண்டும் என்பதில்லை.

பொபினியில் ஒன்பதாவது மாடி வீடு. யோகன் சோபாவில் உட்கார்ந்திருந்தார். தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தது. முகம் பாதி மஞ்சள், பாதி ஊதா. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கைகூப்பினார். பல்லைத் திறக்காமலே, "வாங்கோ அக்கா, அங்கை மழையோ?" என்றார். ஊர் முழுக்கச் சோறு போட்ட மனிதர், குழாய் வைத்துக் கஞ்சித்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

விசாரணை நடந்துகொண்டிருந்தது. அடித்தவர்கள் சொல்வது ஒன்று, அடிபட்டவர் சொல்வது ஒன்று. உள்ளே கூப்பிட்டது யார், கைப்பையை எடுக்கச் சொன்னது யார் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் மதாம் லூசெத். அவர் போலீசிடம் எதுவும் பார்க்கவில்லை, இருட்டு என்று சொல்லிவிட்டாராம். பயத்தில் சொல்லியிருப்பார், நேரில் போய்க் கேட்டால் உண்மையைச் சொல்வார் என்பது பத்மாவின் நம்பிக்கை. யோகனுக்கு வேண்டியது அதைவிடக் குறைவு. "வழக்கு என்னவும் ஆகட்டும், அக்கா. கள்ளன் இல்லை எண்டு அவ ஒருக்காச் சொன்னாக் காணும். சனிக்கிழமை கலியாணத்திலை நான் மணவறையிலை தலைநிமிர்ந்து நிக்க வேணும்."

மறுநாள் ஆரணியும் நானும் அந்த ஊருக்குப் போனோம். ஆரணி ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அம்மா தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற பெண், என்னிடம் மட்டும் பாவம் பார்த்துத் தமிழ் பேசினாள். ரயில் பாதி வழியில் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் வெள்ள வேலை இன்னும் முடியவில்லை, மாற்றுப் பேருந்து வரும் என்று அறிவித்தார்கள். வந்தது. நாங்கள் ஏறியதுதான் தப்பான பேருந்து. எதிர்த்திசையில் நாலு நிறுத்தம் போய் இறங்கி, ஓட்டுநரிடம் நான் என் பள்ளிக்கூடப் பிரெஞ்சில் வழி கேட்டேன். அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். புதுச்சேரியில் ஏழு வருஷம் படித்த பிரெஞ்சுக்குப் பாரிஸில் கிடைக்கிற மரியாதை இவ்வளவுதான்.

தெரு அமைதியாக இருந்தது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஊறிப்போன மெத்தை, அலமாரி, பொம்மை என்று குவிந்து கிடந்தது. சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. புதுச்சேரியில் புயல் மழை விட்ட மறுநாள் எங்கள் தெருவும் இப்படித்தான் இருக்கும், இதே நாற்றம்தான். அந்த வாசல்களைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

மதாம் லூசெத்தின் வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டில் சேற்றை வாரிக்கொண்டிருந்த ஓர் ஆள் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். காலடியில் ஒரு குட்டைக்கால் நாய். "நீங்கள் வீட்டு உதவிக்கு வருகிறவர்களா?" என்று கேட்டார். ஆரணி ஆமாம் என்றாள். உடனே அவர் முகம் மலர்ந்தது. லூசெத்தை முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறோம், வீடு காய்ந்ததும் நானே போய்க் கூட்டி வருவேன் என்றார். எந்தப் பேருந்து, எங்கே இறங்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். சேறு பார்த்து நடங்கள் என்று என் கையைப் பிடித்து நடைபாதையில் ஏற்றியும் விட்டார். நல்ல மனிதர் என்று நான் ஆரணியிடம் சொன்னேன்.

தெருமுனையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது; ஆரணி பிறகு சொல்லித்தான் எனக்கு முழுக்கப் புரிந்தது. "நம் ஆட்கள் காவல் நின்றிருக்காவிட்டால் எல்லாம் போயிருக்கும்" என்றாள் ஒருத்தி. "ஆமாம், ஜன்னலில் ஏதோ பொட்டலம்கூட வைத்துவிட்டுப் போனார்களே, நான் தொடவே இல்லை" என்றாள் மற்றவள். ஆரணி நடையை எட்டிப் போட்டாள்.

இதைப் பிரெஞ்சுக்காரர்களின் குணம் என்று எழுதிவிட்டுப் போனால் எனக்கு நிம்மதியாக இருக்கும். எங்கள் பக்கத்திலும் ஒரு மழைக்குப் பிறகு, பிள்ளை பிடிக்க வந்தவன் என்று யாரோ அனுப்பிய செய்தியை நம்பி, வேலை தேடி வந்த வடநாட்டுப் பையன் ஒருவனை விளக்குக் கம்பத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். அவனுக்கும் மொழி தெரியாது.

அடுத்த நாள் மூன்று பேருமாக முதியோர் இல்லத்துக்குப் போனோம். பத்மா விடிகாலையிலேயே எழுந்து இடியப்பம் பிழிந்து, தேங்காய்ப்பால் சொதி வைத்து, அடுக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டாள். கல்யாண வேலை தலைக்கு மேல் கிடந்தது. "பச்சை மிளகாய் ஒண்டுகூடப் போடேல்லை. அந்த மனிசி பயப்பிடாமல் சாப்பிடலாம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மதாம் லூசெத் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். சின்ன உருவம், சுத்தமாக வாரிய நரை. ஆரணி தன்னை யாரென்று சொன்னதும், அவர் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியது. பத்மாவுக்குக் கடைக்கும் பேருந்துக்கும் போதுமான பிரெஞ்சுதான் தெரியும், ஆனால் அந்தக் கண்ணீர் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. சொதியைச் சூடாக்கிக்கொண்டு வருகிறேன் என்று பணிப்பெண்ணோடு சமையலறைக்குப் போனாள்.

வயதானவர்கள் நிறுத்தி நிதானமாகப் பேசுவார்கள். முதல் தடவையாக எனக்குப் பிரெஞ்சு முழுக்கப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

"உன் அப்பாவை நான்தான் கூப்பிட்டேன். பையையும் நான்தான் எடுக்கச் சொன்னேன். அவர் போட்ட சோறு நாக்கை எரித்தது, ஆனால் முழுதும் சாப்பிட்டேன். அன்றைக்குக் காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை, தெரியுமா?" என்றார்.

"அப்படியானால் போலீசிடம் இதைச் சொல்லுங்கள், மதாம்" என்றாள் ஆரணி.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தியெரியும் இருந்தான். எதிர்வீட்டுத் தியெரி, நாய் வைத்திருப்பானே. அவன் கெட்டவன் இல்லை, அன்றைக்கு எல்லோருக்கும் பைத்தியம் பிடித்திருந்தது. என் கணவர் போனதிலிருந்து தினமும் ரொட்டி வாங்கி வந்து தருகிறவன் அவன். வீடு காய்ந்ததும் நான் அந்தத் தெருவுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்."

"என் அப்பாவுக்குத் தாடை உடைந்துவிட்டது" என்றாள் ஆரணி.

"தெரியும். ஜன்னலிலிருந்து பார்த்தேன். உன் அப்பா நல்லவர், மகளே. ஆனால் அவர் பொபினியில் இருக்கிறார்."

ஆரணி கையை உருவிக்கொண்டாள். அந்த அம்மாளின் மேல் எனக்குக் கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. ரொட்டி கொண்டுவர ஓர் ஆள் வேண்டுமென்று பயப்படுகிற கிழவியை எவ்வளவு நேரம் வெறுக்க முடியும்?

பத்மா ஆவி பறக்கும் தட்டோடு வந்தாள். "என்னவாம், பிள்ளை?" என்று கேட்டாள்.

ஆரணி அம்மாவைப் பார்த்தாள். "ஓமாம், அம்மா. சொல்லுவாவாம்" என்றாள் தமிழில்.

பத்மா தட்டை மேசையில் வைத்துவிட்டு அந்த அம்மாளைக் கும்பிட்டாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, இடியப்பத்தைச் சொதியில் நனைத்து எப்படிச் சாப்பிடுவது என்று கரண்டியால் காட்டிக் கொடுத்தாள். மதாம் லூசெத் நன்றாகவே சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று பத்மா சைகையில் கேட்டபோது, தட்டை நீட்டினார்.

திரும்பும் பேருந்தில் பத்மா முன் இருக்கையில் தூங்கிவிட்டாள். பல நாள் தூக்கம். "உங்களுக்கு விளங்கினது, என்ன அன்ரி?" என்று ஆரணி மெதுவாகக் கேட்டாள். விளங்கியது என்றேன். "சனிக்கிழமை முடியட்டும். பிறகு நான் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். ரொட்டிக் கூடையோடு எதிரே இருந்த ஆப்பிரிக்கப் பெண்மணி ஒருத்தி, ஒன்றும் கேட்காமல் கைக்குட்டைக் காகிதம் எடுத்து நீட்டினாள்.

வீட்டுக் கதவைத் திறக்கும்போதே பத்மா, "சொல்லுவாவாம், சொல்லுவாவாம்!" என்றுகொண்டே போனாள். யோகன் எழுந்து நின்றார். பத்மா அவர் தோளில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, பலகாரத்துக்கு மா வறுக்க வேண்டும் என்று சமையலறைக்குப் போனாள். ஆரணி தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யோகன் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்கள் பிரெஞ்சு படிச்சனீங்கள். அவ என்ன சொன்னவ?"

எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை, உண்மையும் வரவில்லை. "நீங்க கொடுத்த சோத்தை முழுசும் சாப்பிட்டாங்களாம்" என்றேன்.

"உறைக்கேல்லையாமோ?"

"உறைச்சுதாம். ஆனாலும் சாப்பிட்டாங்களாம். காலைலேர்ந்து பட்டினியாம்."

அவர் தலையை ஆட்டினார். சிரிக்கப் பார்த்தார், கம்பி இழுத்தது, தாடையைக் கையால் பிடித்துக்கொண்டார். நான் வேறு எதுவும் சொல்கிறேனா என்று பார்த்தார்.

"அப்ப, பொலிசிட்டை வரமாட்டா" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வெந்நீரும் அடுப்பும் பட்டுத் தழும்பேறிய கை. கண்ணிலிருந்து வழிந்ததை அவர் துடைக்கக்கூட இல்லை.

"இஞ்சேருங்கோ!" என்று சமையலறையிலிருந்து பத்மா கூப்பிட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் குரலில் பழைய விடுதிக் கலகலப்பு இருந்தது. "அந்த மனிசியையும் கலியாணத்துக்குக் கூப்பிடுவமே? பாவம், தனியத்தானே இருக்கிறா. முன் வரிசையிலை இருத்துவம்."

யோகன் என் கையை விட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கட்டிய பல்லுக்கு எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவு சத்தமாகச் சொன்னார்:

"ஓம். கூப்பிடுவம்."